அரைக் கோட்டின் வரலாறு

பழனி மலைத்தொடரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்வர். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியது. 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைநீரைத் தேக்கி ஏரி அமைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பது. மூன்றும் மெய்யே. ஆயின் இம்மலைக்கு அதிகம் பேசப்படாத நான்காவது வரலாறு ஒன்று உண்டு. ஒரு காட்சியைக் கோடு கோடாகப் பிரித்து, பின்னர் அக்கோடுகளை அடுக்கி மீண்டும் காட்சியாக்கும் வித்தையின் வரலாறு அது. சூரியனை நோக்கிய கருவியில் தொடங்கி, தொலைக்காட்சிக் கோபுரத்தின் வழியே இறங்கி, நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய வீடியோ கேம் பெட்டியில் வந்து முடிகிற வரலாறு. முடிகிறது என்று சொல்வதும் முழுச் சரியன்று. அப்பெட்டியை இன்றைய தட்டைத் திரையில் உயிர்ப்பிக்க முயல்வோர் அந்த வரலாற்றின் கடைசிக் கண்ணியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் வயரும் பிளக்கும் எதற்கு என்று நண்பர்கள் புருவம் உயர்த்தக் கூடும். தமிழ் படித்தவர்களுக்கு இதில் அந்நியமானது எதுவுமில்லை என்பதே நம் கட்சி. காரணத்தைப் பின்னால் சொல்வோம்.

சூரியனின் கோடுகள்

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. பஞ்சத்துக்குப் பின் அமைந்த விசாரணைகளில் ஒரு கேள்வி எழுந்தது: சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா? அக்கேள்விக்கு விடை தேட, முகில்களுக்கு மேலே நிற்கும் ஓர் இடத்தில் சூரிய ஆய்வு நிலையம் வேண்டும் என முடிவாயிற்று. 1899இல் சென்னை வான்நிலையத்தின் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. 1901இல் சூரிய நோக்கு தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில், மைக்கி ஸ்மித் என்பவரை முதல் இயக்குநராகக் கொண்டு அந்நிலையம் எழுந்தது. உள்ளூரார் இன்றும் அதை 'அப்சர்வேட்டரி' என்றே சொல்கின்றனர்.

அங்கு வந்து சேர்ந்த கருவிகளுள் ஒன்று ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். பெயர் நீளமானது; வேலை எளிமையானது. சூரியனின் முழு வட்டத்தையும் ஒரே நொடியில் படம் பிடிப்பதன்று அதன் வழி. குறுகலான ஒரு பிளவின் வழியே சூரியனின் ஒரு மெல்லிய கீற்று மட்டும் உள்ளே வரும். அக்கீற்று நிறமாலையாகப் பிரியும். இரண்டாவது பிளவு அந்த நிறமாலையில் ஒரே ஒரு நிறத்தை, சான்றாகக் கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியை மட்டும், தட்டுக்கு அனுப்பும். பிறகு பிளவு நகரும். அடுத்த கீற்று பதிவாகும். இவ்வாறு கீற்றை அடுத்துக் கீற்றாகக் கண்ணாடித் தட்டின்மீது சூரியன் வரையப்படும். கருவியின் ஓட்டம் சற்றே தடுமாறினாலும் வட்டமான சூரியன் கோணலாகிவிடும்.

1907இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909இல் கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்று குறிக்கிறது. அதைக்காட்டிலும் நமக்கு முக்கியமான செய்தி வேறு. 1904 முதல் இங்கே தட்டுகள் சேரத் தொடங்கின. நாள்தோறும், வானம் தெளிந்தபோதெல்லாம், ஒரு சூரியன். நூறாண்டுக் காலத் தட்டுகள். பின்னாளில் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அத்தட்டுகளை 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட கேமராவால் எண்ணியல் படங்களாக மாற்றியது.

கோடு கோடாக எழுதப்பட்ட பழைய படம், புள்ளி புள்ளியாகப் புதிய திரைக்குப் பெயர்ந்தது. இந்தப் பெயர்ப்பில் எழுந்த வினாக்கள்தாம் வீட்டில் கேம் பெட்டியை இணைப்பவர்க்கும் எழுகின்றன. படத்தின் ஓரம் எங்கே? அதில் தெரிவது சூரியனின் தழும்பா, தட்டின் கீறலா? எது மூலம், எது பழுது?

கோபுரம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிற்று. அதன் அலைகள் தென்மாவட்டங்களை எட்டவில்லை. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் முதன்முதலில் டி.வி. பார்த்தவர்கள் பலர் பார்த்தது இலங்கையின் ரூபவாஹினியையே. 1982 பிப்ரவரி 15இல் தொடங்கிய அந்த நிலையத்தின் அலைகள் 2524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையிலிருந்து பரவின. மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் ஆண்டெனாவை உயர்த்தி, தெற்கு நோக்கித் திருப்பி வைத்துக் காத்திருந்த தலைமுறை அது.

இங்கே சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பிதுருதலாகலவுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவு. பூமி வளைந்திருப்பதால், இரு மலைகளின் உயரத்தையும் கூட்டிக் கணக்கிட்டாலும் அலைகள் நேராகச் செல்லக்கூடிய எல்லை ஏறக்குறைய 400 கி.மீ.தான். அதற்கப்பால் செல்லும் அலை, மன்னார் வளைகுடாவின்மேல் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில், அந்த அடுக்குகளுக்கிடையே மடங்கி வந்தால்தான் உண்டு. ஒரு நாள் தெளிவாகத் தெரியும். மறுநாள் 'புள்ளி புள்ளியாக' மறைந்துபோகும். படம் என்பது வானிலையின் அருள் என்றிருந்த காலம்.

கொடைக்கானல் மலைமுடியில் தூர்தர்ஷன் எழுப்பிய உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் 1980களில் இந்நிலையை மாற்றியது. மலையுச்சியே கோபுரத்துக்குப் பீடமானதால், மதுரை, திண்டுக்கல், இன்றைய தேனி மாவட்டம் எனப் பரந்த சமவெளி அதன் பார்வைக்குள் வந்தது. மொட்டை மாடிகளில் ஆண்டெனாக்கள் மலைப்பக்கம் திரும்பின. 'டி.வி. டவர்' என்பது திசை சொல்லும் அடையாளமாகவும் ஆயிற்று.

அக்கோபுரம் அனுப்பியதும் கோடுகளையே. இந்தியா ஏற்றுக்கொண்ட பால் முறையில் ஒரு முழுப்படத்துக்கு 625 கோடுகள். நொடிக்கு 25 படங்கள். கண் துடிக்காமலிருக்க ஒரு தந்திரம் செய்தனர்: முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் அனுப்புவது, அடுத்து இரட்டைப்படைக் கோடுகளை அனுப்பி இடைவெளிகளை நிரப்புவது. ஆக நொடிக்கு 50 அரைப்படங்கள். 625 ஒற்றைப்படை எண்ணாதலால் ஒவ்வோர் அரைப்படத்துக்கும் 312½ கோடுகள் விழுகின்றன. அந்த அரைக் கோடுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அரைக் கோடு மிஞ்சுவதால் அடுத்த அரைப்படம் சற்றுக் கீழிறங்கித் தொடங்குகிறது. முந்தைய கோடுகளின் இடுக்குகளில் சென்று அமர்கிறது. பிக்சர் டியூபுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மின்கற்றை தனக்கு வந்த சைகைப்படி ஓடும்; அரைக் கோடு வந்தால் இடுக்கில் அமரும்; வராவிட்டால் பழைய தடத்திலேயே மீண்டும் ஓடும்.

கேசட் காலம்

ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15இல் ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியை வெளியிட்டது. அதன் படத்தில் குறுக்கே 256 புள்ளிகள். நெடுக்கே 240 கோடுகள். இந்தியாவில் அப்பெட்டி 'சாமுராய்' என்ற பெயரில் வந்தது. அதைப் பின்பற்றி எழுந்த நகல் பெட்டிகளோ எண்ணிலடங்கா. 1990களில் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் பெரும்பாலோர் கையிற்பட்டது நகல்தான். 1995இல் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது அதன் விலை 18,000 ரூபாய். அன்றைய ஆசிரியர் ஒருவர் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தால்தான் வாங்க இயலும். நகல் பெட்டி ஏன் வென்றது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூலப்பெட்டியை ஜப்பானிலிருந்து யாரேனும் கொண்டுவந்திருந்தாலும் அது நம்மூர் டி.வி.யில் பேசியிராது. ஃபாமிகாமின் முதல் வடிவம் படத்தை ஆண்டெனா வயர் வழியே மட்டும், ஜப்பானின் முதலாம் அல்லது இரண்டாம் சேனலில் அனுப்பும். அச்சேனல்கள் 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் உள்ளன. நம் நாட்டில் அவ்விடம் பண்பலை வானொலிக்கு உரியது. கொடைக்கானலின் கோடை பண்பலை ஒலிப்பது 100.5இல், அதாவது ஜப்பானின் இரண்டாம் சேனல் வீடு கட்டியிருக்கும் அதே மனையில். வேறு வழியில் படத்தைப் பிடித்தாலும் ஒலி வராது. ஜப்பானிய முறையில் ஒலி, படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். நம் முறையில் 5.5. படம் ஒரு வீட்டிலும் ஒலி பக்கத்து வீட்டிலும் இருப்பது போன்ற நிலை.

நகல் செய்தோர் இவற்றையெல்லாம் நம் டி.வி.க்கு ஏற்பத் திருத்தினர். நொடிக்கு 50 அரைப்படங்கள், பால் வண்ணம், 5.5இல் ஒலி. ஐரோப்பாவுக்கென்று நிண்டெண்டோவே செய்த பெட்டியில் ஆட்டங்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. நகல் பெட்டிகள் பலவற்றிலோ செயலியின் வேகம் ஜப்பானியப் பெட்டியை ஒட்டியே வைக்கப்பட்டிருந்தது. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்ட பெயர்ப்பைவிட, உரிமையின்றிச் செய்த பெயர்ப்பு சில இடங்களில் நெருக்கமாக அமைந்தது. மொழிபெயர்ப்பு பற்றிப் பேசும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அரைக் கோடு இல்லாத படம்

கேம் பெட்டிகள் செய்த ஒரு காரியம் தொலைக்காட்சி இலக்கணத்துக்குப் புறம்பானது. அவை அரைக் கோட்டை விட்டுவிட்டன. 312½க்குப் பதிலாக 312. அமெரிக்க, ஜப்பானிய முறையில் 262½க்குப் பதிலாக 262. அரைக் கோடு இல்லாததால் ஒவ்வோர் அரைப்படமும் முந்தையதன் தடத்திலேயே அமர்ந்தது. விளைவு, நடுக்கமற்ற படம். கோடுகளுக்கிடையே மெல்லிய கரிய இடைவெளி. அந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டே ஓவியர்கள் புள்ளிகளை வைத்தனர். பிக்சர் டியூப் இலக்கணம் பேசவில்லை. வந்ததை வந்தபடி வரைந்தது.

தட்டைத் திரை அப்படியன்று. அதற்குக் கோடு என்ற ஒன்றே இல்லை. நிலையான புள்ளிக் கட்டம்தான் உண்டு. வரும் குறிப்பைப் படித்து, பொருள்கொண்டு, தன் கட்டத்துக்கு ஏற்ப விரித்துக் காட்டவேண்டும். பழைய வயர் வழியே வருவதெல்லாம் ஒளிபரப்பு என்றெண்ணிப் பழகிய டி.வி.கள் பல, கேம் பெட்டியின் முழுப்படத்தையும் அரைப்படமென்று கருதி, இரண்டிரண்டாகப் பின்ன முயல்கின்றன. அதனால் ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பற்களாகிறது. அடிபட்ட வீரன் கண்சிமிட்டும் நேரத்தில் தோன்றி மறைய வேண்டியவன், முற்றிலும் மறைந்தோ பாதி உடலாகவோ நிற்கிறான். பின்னுவதற்கு நேரமும் பிடிப்பதால் பொத்தானை அழுத்திய பின்னரே, நாழி கழித்துக் குதிக்கிறான். பள்ளத்தில் விழுந்தபின் குதித்து என்ன பயன்?

இச்சிக்கலைத் தீர்க்க எழுந்தவையே அப்ஸ்கேலர்கள். பழைய குறிப்பை வாங்கி, புதிய திரைக்கேற்பப் பெரிதாக்கித் தரும் பெட்டிகள். ஜப்பானின் மைக்கோம்சாஃப்ட் செய்த ஃப்ரேம்மைஸ்டர் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் பின்லாந்தின் மார்க்கஸ் ஹியன்காரி, வரைபடங்களை யாவருக்கும் திறந்துவைத்து ஓ.எஸ்.எஸ்.சி. என்ற பெட்டியை உருவாக்கினார். அமெரிக்காவின் மைக் சி உருவாக்கிய ரெட்ரோடிங்க் வரிசையில் 2021இல் 5எக்ஸ், 2023இல் 4கே ஆகியவை வந்தன. இவற்றின் தலையாய அறிவு ஒன்றே: அரைக் கோடு வரவில்லை என்பதைக் கவனிப்பது. வராதபோது பின்னாமல், ஒவ்வொரு கோட்டையும் பலமுறை எழுதிப் பெரிதாக்குவது.

வயர்களின் வாசகம்

நண்பர் ஒருவரின் பெருமாள்மலை வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய நகல் பெட்டி ஒன்றை நாம் சில மாலைகள் ஆராய நேர்ந்தது. அம்முயற்சியில் தெளிந்தவற்றை வரிசைப்படுத்துவது பிறர்க்கும் பயன்படும். எந்த இணைப்பிலும் குறையைத் தேடும் முறை ஒன்றே: சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

முதலில் மின்சாரம். பெட்டியை எடுத்தவுடன் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகக் கூடாது. ஜப்பானிய ஃபாமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் நேர்மின்சாரம் தருவது. பிளக்கின் நடுமுனை எதிர்மறை. அமெரிக்க வடிவத்துக்கு உரியதோ 9 வோல்ட் மாறுமின்சாரம். ஒன்றை மற்றதில் செருகினால் பெட்டி கருகக் கூடும். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டைத் தாங்காது. பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்தபின்பே செருக வேண்டும்.

அடுத்து கேசட். மலையில் ஆண்டின் பல மாதங்கள் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து குடியிருக்கும். பரணிலிருந்த கேசட்டின் செப்புப் பற்களில் பாசி போன்ற படலம் ஏறியிருக்கும். வாயால் ஊதிச் செருகுவது நம் தலைமுறையின் வைத்தியம். ஊதும்போது எச்சில் ஈரமும் சேர்ந்து படலத்தை வளர்க்கும். எடுத்துத் திரும்பச் செருகியதால் கிடைத்த பலனை ஊதலின் பலனாக எண்ணினோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியே தக்க மருந்து.

மூன்றாவது, பெட்டியின் நலத்தை அறிய இயன்றால் பழைய டி.வி.யிலேயே முதலில் பார்ப்பது. அங்கே படம் வந்தால் பெட்டி பிழைத்திருக்கிறது. குறை அப்பாலுள்ள இணைப்பில். பரணில் கிடந்த அப்பெட்டி பக்கத்து வீட்டுப் பழைய டி.வி.யில் உடனே உயிர்பெற்றது. ஆகவே குறை இணைப்பில் என்பது தெளிவாயிற்று.

நான்காவது, மாற்றிப் பெட்டியின் திசை. ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவதும், எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவதும் கடையில் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே உருவத்தில் கிடைக்கும். எழுதியிருக்கும் அம்புக்குறியைப் பார்த்து வாங்காவிட்டால் எத்தனை மாலைகள் உட்கார்ந்தாலும் படம் வராது. அதற்குத் தனியே 5 வோல்ட் மின்சாரம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐந்தாவது, நேரே டி.வி.யில் செருகுவோர்க்கு ஒரு கண்ணி. இன்றைய டி.வி.கள் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் இல்லை. ஹெட்போன் துளை போன்ற ஒன்றே ஏ.வி. துளை. அதில் நுழையும் பிளக்கில் நான்கு வளையங்கள். எந்த வளையத்தில் படம், எதில் பூமி என்பதில் கம்பெனிகளுக்குள் ஒருமைப்பாடு இல்லை. ஒரு வயர் படத்துக்குப் பதிலாக 'உர்ர்' என்ற ஒலியைத் தந்தால், மஞ்சள் பிளக்கைச் சிவப்பின் இடத்தில் மாற்றிப் பார்ப்பதில் தீங்கில்லை. பல வேளை படம் தோன்றிவிடும்.

ஆறாவது, அறிகுறிகளைப் படிப்பது. படம் கருப்பு வெள்ளையாக வந்தால் வண்ண முறை பொருந்தவில்லை என்று பொருள்: பால் முறையின் வண்ணம் 4.43 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்க, ஜப்பானிய என்.டி.எஸ்.சி. முறையின் வண்ணம் 3.58இலும் பயணிக்கின்றன. படம் மேல்நோக்கி உருண்டால் 50, 60 என்னும் வேகங்களுக்கிடையே பிணக்கு. பரந்த சாம்பல் பட்டை மெதுவாக ஏறி இறங்கினால் மின்சாரத்தின் இரைச்சல் கலந்திருக்கிறது. அடாப்டரின் கெபாசிட்டர் முதுமையடைந்திருக்கலாம், அல்லது கேபிள் வயரும் வீட்டு எர்த்தும் வெவ்வேறு பூமிகளில் நிற்கலாம். கேபிள் வயரைக் கழற்றிப் பார்த்தால் எது என்று விளங்கும்.

ஏழாவது, அப்ஸ்கேலர் வாங்குமுன் பெட்டி எந்த மொழியில் பேசுகிறது என்றறிவது. நகல் பெட்டிகள் படம் முழுவதையும் ஒரே மஞ்சள் வயரில் கலந்தே தருகின்றன. ஓ.எஸ்.எஸ்.சி.யின் மூல வடிவம் கலந்த படத்தை வாங்காது. சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரிந்த குறிப்பையே வாங்கும். பெரும்பொருள் செலவிட்டு அதை வாங்கி மஞ்சள் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. ரெட்ரோடிங்க் 5எக்ஸ் கலந்த படத்தையும் வாங்கும். மெகா டிரைவ் போன்றவை பிரிந்த வண்ணங்களைத் தருவன. அங்கே வேறொரு எச்சரிக்கை: ஐரோப்பாவின் ஸ்கார்ட் பிளக்கும் ஜப்பானின் 21 முனைப் பிளக்கும் தோற்றத்தில் ஒன்று, உள்ளே வயர்களின் வரிசை வேறு. மாற்றிச் செருகினால் கருவி கெடும். வண்ணங்களோடு வரும் ஒத்திசைவுக் குறிப்பு அளவுக்கு மீறிய வலுவோடு வந்தாலும் அப்ஸ்கேலருக்கு ஊறு. அதைத் தணிக்க வயருக்குள் ஒரு மின்தடை வைத்திருக்க வேண்டும். வண்ணங்கள் எல்லாம் சரியாக இருந்து ஒத்திசைவு மட்டும் இல்லாவிட்டால் திரை வெறுமையாகவே இருக்கும். சீர் பிரியாத செய்யுள்போல, சொல்லெல்லாம் இருந்தும் அடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நிலை.

ஏடும் பதிப்பும்

இப்போது தொடக்கத்தில் ஒத்திவைத்த காரணத்துக்கு வருவோம்.

பனையோலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். ரகரமும் காலும் ஒரே கோடு. எழுதியவர்க்கும் அக்காலத்தில் படித்தவர்க்கும் இதனால் இடரில்லை. அவர்கள் காதில் செய்யுள் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஓசை அறாத இடத்தில் புள்ளி மிகை. அச்சு வந்தபோதுதான் ஒவ்வோர் எழுத்துக்கும் முடிவு சொல்ல வேண்டியதாயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றியதும், 1887இல் கலித்தொகையைச் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்ததும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எடுத்து எழுதும் வேலையன்று. இல்லாத புள்ளியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் வேலை.

கேம் பெட்டியின் குறிப்பும் புள்ளியில்லாச் சுவடியே. 'நான் முழுப்படம், அரைப்படமல்லேன்' என்று அது எங்கும் எழுதி வைக்கவில்லை. அரைக் கோடு வராததே ஒரே சாட்சி. பிக்சர் டியூப் அந்த மரபைக் காதால் அறிந்த பழைய வாசகர். தட்டைத் திரையோ மரபறியாமல் இலக்கணம் மட்டும் பயின்றவர். புள்ளியில்லாத இடத்தில் எல்லாம் தன் பழக்கத்துக்கேற்பப் புள்ளி வைத்துவிடுகிறார். அப்ஸ்கேலர் இவ்விருவருக்கும் இடையே நிற்கும் பதிப்பாசிரியர். நல்ல பதிப்பாசிரியர் மூலத்தை அழகுபடுத்த முனைவதில்லை. மங்கிய இடத்தை மங்கியதென்றே விட்டு, தாம் கொண்ட பாடம் எது, கொள்ளாதது எது என்று குறிப்பார். புள்ளிகளின் முனையை மழுக்கி எண்ணெய் ஓவியம்போல் வழவழப்பாக்கும் வசதியும் இக்கருவிகள் சிலவற்றில் உண்டு. அது பதிப்பன்று, இடைச்செருகல்.

எல்லாவற்றையும் பெயர்த்துவிட முடியும் என்றும் எண்ண வேண்டியதில்லை. வாத்துகளைச் சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கியை நினைவிருக்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்சதுரமாகும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெண்மையை அந்தக் கணத்திலேயே காணவேண்டும். பிக்சர் டியூபின் கற்றை ஓடும் வேகத்தை நம்பியே அத்துப்பாக்கி செய்யப்பட்டது. தட்டைத் திரையில் வெண்மை தாமதித்து வரும், துப்பாக்கி குருடாகிவிடும். எத்தனை விலை கொடுத்த அப்ஸ்கேலரும் இந்தக் கணத்தை மீட்டுத் தராது. உரையாசிரியர் எவ்வளவு எழுதினாலும் மறைந்துபோன பண்ணை நாம் கேட்க முடியாததுபோல.

எதைக் காப்பது

2021 அக்டோபரில் பிரசார் பாரதி, தன் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டதாகவும், குறிப்பிட்ட சில இடங்கள் நீங்கலாக எஞ்சியவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடவிருப்பதாகவும் அறிவித்தது. மொட்டை மாடியில் மலைநோக்கி நின்ற ஆண்டெனாக்கள் அதற்கு நெடுநாள் முன்பே கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் இடம்விட்டுப் பழைய இரும்பாகிவிட்டன. பிக்சர் டியூப் டி.வி.களும் அவ்வாறே போய்க்கொண்டிருக்கின்றன.

இதில் வருந்த இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிக்சர் டியூபின் கண்ணாடியில் ஈயம் உண்டு. உடைத்துக் காட்டோரம் எறியத்தக்கதன்று. வெப்பமானி ஆலை ஒன்று 2001இல் மூடப்பட்ட பின்னும் அதன் பாதரசத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்த ஊர் கொடைக்கானல். ஒரு பொருளின் வாழ்வு முடிந்தபின் அது எங்கே போகிறது என்ற கேள்வியை இம்மலையைவிட நன்கறிந்த ஊர் குறைவு.

மற்றொன்று, பொருளோடு சேர்ந்து போகும் அறிவு. மூன்று தெருவுக்கு ஒருவராக இருந்த டி.வி. மெக்கானிக்குகள், படம் உருளும் விதத்தைப் பார்த்தே எந்தப் பாகம் போயிற்று என்று சொன்னவர்கள். அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதச் சொல்லி நாமும் கேட்கவில்லை. இன்று கையேடு இல்லாத ஒரு நகல் பெட்டியைத் திறந்து, எந்த வயர் எங்கே போகிறதென்று தெரியாமல் விழிக்கும்போதுதான் அந்த மௌனத்தின் விலை தெரிகிறது.

கொடைக்கானல் வான்நிலையத்தின் தட்டுகள் நூறாண்டு கடந்தும் பயன்படுவது கண்ணாடி கெட்டுப்போகாமல் இருந்ததால் மட்டுமன்று. எந்த நாள், எந்த நேரம், எந்தக் கருவி, வானம் எப்படி இருந்தது என்று உடனுக்குடன் யாரோ குறித்து வைத்தார்கள். குறிப்பு இல்லாத தட்டு, கறை படிந்த கண்ணாடி மட்டுமே. வீட்டிலுள்ள பழைய பெட்டிகளுக்கும் இதுவே நெறி. பெட்டியோடு அதற்குப் பொருந்திய அடாப்டரை ஒன்றாகக் கட்டி வைப்பது, வயரில் எந்த முனை எதற்கென்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவது, எந்த டி.வி.யில் எந்த அமைப்பில் படம் வந்தது என்று இரண்டு வரி குறிப்பது. இவ்வளவும் ஒரு மாலை வேலை. பெருமாள்மலைப் பெட்டி இப்போது அப்படியொரு சீட்டோடு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன், மூடிய டப்பாவில் இருக்கிறது. அடுத்து அதைத் திறப்பவர் யாராயினும், எந்தப் பிளக்கின் நடுமுனை எதிர்மறை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.